நிரம்பிய வட்டும் நீக்கத்தகாத ஏடும்

சபரகமுவத் தோட்டப்புறப் பாடசாலைகளிலும் இன்று கணினி புகுந்துள்ளது. சேர்வு இடாப்பும் புள்ளிப் பட்டியலும் லினக்ஸ் முறைமையில் இயங்கும் சேவையகம் ஒன்றில் தங்கியிருக்கின்றன எனக் கொள்வோம். ஒருநாள் அதன் வட்டு நிரம்பிவிடுகின்றது. புதிய பதிவு எதுவும் ஏறாது. அவ்வேளை கண்ணிற்பட்ட பெரிய கோப்பை அழிக்கக் கை துடிக்கும். அது தகாது. இடம் எங்கே போயிற்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

அதற்கு இரு கட்டளைகள் உள. 1971 ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்ஸ் முறைமையின் முதற் கையேட்டிலேயே அவை காணப்படுகின்றன. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் அவையே வழங்குகின்றன. 'டி.எஃப்.' என்பது ஒவ்வொரு பகிர்விலும் எஞ்சியுள்ள இடத்தைக் கூறும். 'டி.யூ.' என்பது எந்த அடைவு எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது எனக் கூறும். மேலடைவிலே தொடங்கி, பெரியதைத் தெரிந்து, அதனுள்ளும் பெரியதைத் தெரிந்து, படிப்படியாக இறங்கினால் உண்மை வெளிப்படும்.

பெரும்பாலும் அங்கே காணப்படுவது நிகழ்வுக் குறிப்பேடாகும். கணினி தான் செய்ததையெல்லாம் அதில் எழுதிக்கொண்டே செல்கின்றது. அது திடீரெனப் பருத்திருப்பின் எங்கோ ஒரு பழுது உண்டு என்பது பொருள். ஆதலால் வெறுமையாக்குமுன் அதனைப் படித்தல் நன்று. பழுதைத் தீர்க்காவிடின் வட்டு மீண்டும் நிரம்பும். 'லாக்ரோட்டேட்' என்னும் ஏற்பாடு பழைய குறிப்புகளைச் சுருக்கி வைத்து, குறித்த தவணையில் நீக்கிவிடும்.

கோப்பை அழித்த பின்னும் இடம் கூடாமலிருப்பதுண்டு. இதிலே மாயமொன்றும் இல்லை. லயத்துக் குடியிருப்புப் பட்டியலிலே பெயரை அடித்துவிட்டாலும், உள்ளே இருப்பவர் வெளியேறும்வரை அறை காலியாவதில்லை அல்லவா? அவ்வாறே, ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பின் பெயரை நீக்கினாலும், அந்நிரல் அதனை மூடும்வரை இடம் விடுபடாது. 'எல்.எஸ்.ஓ.எஃப்.' என்னும் கட்டளை அந்நிரலைக் காட்டும். அதனை நிறுத்தித் தொடங்கினால் இடம் கிட்டும்.

இனி, எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது? மீண்டும் பெறத்தக்க நிறுவற் பொதிகளை நீக்கலாம். இடாப்புகளை நீக்கலாகாது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது. எங்கே பிறந்தோம், எங்கே வாழ்ந்தோம் எனச் சான்று காட்டவேண்டியிருந்த சமூகத்துக்குப் பழைய ஏடு வெறுஞ் சுமையன்று.

2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவு வீடுகளையும் மக்களையும் புதைத்தது. ஓரிடத்திலே மட்டும் இருக்கும் ஏட்டுக்கும் அதே கதி நேரலாம். ஆகவே அத்தகைய கோப்புகளை வேறோர் ஊரிலுள்ள வட்டிலும் படியெடுத்து, அப்படி சரியாகத் திறக்கின்றதா எனப் பார்த்த பின்னரே முதற் கணினியிலிருந்து அகற்றுதல் வேண்டும்.