பீரும் கள்ளும் புளிக்கும். உயிரைப் பறிப்பது எது?

புக்கிட் பெலிம்பிங் போன்ற கோலசிலாங்கூர் தோட்டப்புறங்களில் பீர், கள்ளு, சம்சு மூன்றையும் ‘தண்ணி’ என்று ஒரே பெயரில் சொல்வதுண்டு. மூன்றும் உருவாகும் விதம் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் போவதால் உயிர்ச்சேதம் நேர்கிறது.

இன்று கடைகளில் அதிகம் விற்கும் வெளிர்மஞ்சள் பீரின் மூதாதை ‘பில்ஸ்னர்’. 1842-இல், இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் ஜோசப் குரோல் என்ற பவேரியர் அதை முதலில் காய்ச்சினார். முளைவிட்டு உலர்ந்த பார்லியை நொறுக்கி, சுமார் 65 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்ப்பார்கள். சுமார் 10 பாகைக் குளிரில் இரண்டு வாரம் புளித்து, பின்னர் 0 பாகையை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் தெளிய வேண்டும். 30 பாகையைத் தாண்டும் நம் நாட்டு வெப்பத்தில், குளிரூட்டும் கருவி இல்லாமல் இது சரிவராது. சூடு கூடினால் சுவை கெடும். அதனால் மட்டும் அது நஞ்சாகிவிடாது. ஆனால் மலேசியாவில், 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

கள்ளுக்கு இத்தனை வேலை இல்லை. தென்னம்பாளையில் வடியும் சாறு காற்றிலுள்ள ஈஸ்ட்டால் சில மணி நேரத்தில் தானே புளிக்கும், விட்டுவைத்தால் காடியாகும். ஆனாலும் அது குடும்பங்களைச் சீரழித்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

சம்சு வடித்தெடுக்கும் சாராயம். மலிவாக விற்கப்படும் கள்ளச் சாராயத்திலும் போலி மதுப் போத்தல்களிலும், தொழிற்சாலைக் கரைப்பானான மெத்தனால் கலக்கப்படும்போதுதான் பேராபத்து. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் போலி பீர், விஸ்கி குடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணத்தாலோ சுவையாலோ மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது.

உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். அதனால் மறுநாள் தோன்றும் தலைவலி, வாந்தி, வயிற்றுவலியைப் போதையின் மிச்சம் என்று எண்ணிப் படுத்துவிடுகிறார்கள். கண் மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 999-ஐ அழைக்கலாம், அல்லது தஞ்சோங் காராங் மருத்துவமனை போன்ற அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு விரையலாம். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் நேரத்தோடு கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காக்க முடியும்.

குடித்ததைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. மீதமுள்ள போத்தலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். உடன் குடித்தவர்களையும், நலமாகத் தெரிந்தாலும், உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.