பையில சாரணர் கத்தி இருந்தா தப்பா? சட்டம் சொல்வது என்ன?

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரம் போனா காசிமேடு. மீன் வெட்ட, கயிறு அறுக்க கத்தி இல்லாமல் அங்கே வேலை ஓடாது. ஆனால் சாரணர் முகாமுக்குக் கிளம்பும் மகனின் பையில் மடக்குக் கத்தியைப் பார்த்தால், அதே பகுதியிலும் பெற்றோர் பதறத்தான் செய்வார்கள். பயப்படணுமா?

அது என்ன கத்தி?

பழைய பாணி சாரணர் கத்தியில் பெரும்பாலும் 4 கருவிகள் இருக்கும்: ஒரு பிளேடு, டின் திறப்பான், பாட்டில் மூடி திறக்கவும் ஸ்க்ரூ திருகவும் உதவும் முனை, தோலில் துளை போடும் ஊசிமுனை. இடுப்பில் மாட்ட ஒரு வளையமும் உண்டு. கயிறு அறுக்கவும் விறகு சீவவும் உருவான கருவி இது.

சென்னைக்கும் சாரணருக்கும் என்ன தொடர்பு?

1907-ல் இங்கிலாந்தில் பேடன் பவல் முதல் முகாமை நடத்தினார். இந்தியச் சிறுவர்களுக்கு அந்த இயக்கத்தில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், 1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் தனி சாரணர் சங்கம் தொடங்கினார். இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-ல் உருவானது.

போலீஸ் பிடிக்குமா?

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகள் 2016-ன் பட்டியலில் வருகின்றன. வீட்டு, விவசாய, தொழில் வேலைக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அரசு அறிவிக்கை உள்ள பகுதிகளில் பட்டியலில் உள்ளவற்றுக்கு லைசென்ஸ் தேவை. சாரணர் கத்தியின் பிளேடு பொதுவாக 3 அங்குலம்தான்.

அதுக்காக எங்கே வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம்னு அர்த்தமில்லை. சின்னக் கத்தியானாலும், அதைக் காட்டி மிரட்டினால் குற்றம்தான். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது; செக்-இன் பெட்டியில்தான் வைக்கணும். வகுப்புக்குக் கொண்டு போகவே வேண்டாம். முகாம் என்றால் பொறுப்பாசிரியரிடம் முதலிலேயே சொல்லி, அவரிடமே கொடுத்து வைப்பது நல்லது.

பிள்ளைக்கு என்ன சொல்லித் தரணும்?

* கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது.
* உடம்புக்கு எதிர்ப்பக்கமாகவே வெட்டணும்.
* மடக்காமல் நடக்கவோ, அடுத்தவரிடம் கொடுக்கவோ கூடாது.

துருப்பிடிக்காமல் இருக்க?

பழைய கத்திகளில் பல கார்பன் ஸ்டீல். வடசென்னையின் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மடக்கும் இடத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். துரு ஏறி மடங்க மறுக்கும் கத்தியைப் பலமா அழுத்தும்போதுதான் விரல் வெட்டுப்படும்.