போர்க்கால பேண்ட், புதிய மவுசு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உலோகத்துக்கும் நூலுக்கும் தட்டுப்பாடு. லீவைஸ் நிறுவனம் தன் 501 பேண்ட்டில் சில ரிவெட்டுகளையும் பின்புற பக்கிளையும் நீக்கியது. பின் பாக்கெட்டில் நூலால் தைத்துவந்த வில் வடிவக் கோட்டை பெயின்ட்டால் வரைந்தது. அன்று அது சிக்கனம். இன்று அதுவே மவுசு. பெயின்ட் கோடு உட்பட அந்த 1944 மாடலை லீவைஸே மீண்டும் தயாரித்து விற்றிருக்கிறது.

பழைய தொழிலாளர் உடைகளை இப்படி அச்சு அசலாக உருவாக்குவதில் ஜப்பானியர்கள் மன்னர்கள். ஒகயாமா மாகாணத்து கொஜிமா, பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்த ஊர். 1960-களில் ஜீன்ஸுக்குத் தாவியது. 1979-ல் ஸ்டுடியோ டி ஆர்ட்டிசான், 1991-ல் எவிசு என ஒசாகா நிறுவனங்கள் களமிறங்கின. அவர்கள் தேடியது நாடா தறியில் நெய்த, கரை போட்ட டெனிம். துணியின் அகலம் சுமார் 80 செ.மீ.தான், நெசவும் மெதுவானது. ஆனால் மேடுபள்ளமான அந்தத் துணி வெளுக்கும் அழகே தனி. ஒரு பேண்ட்டுக்கு 20,000 யென்னுக்கு மேல் கொடுக்க ரசிகர்கள் தயார்.

அசலின் கதை வேறு. 501-க்குத் துணி தந்த வட கரோலினாவின் ஒயிட் ஓக் மில் 2017 இறுதியில் மூடப்பட்டது.

2022-ல், பழைய சுரங்கத்தில் கிடைத்த 1880-களின் லீவைஸ் பேண்ட் 76,000 டாலருக்கு ஏலம் போனது. வெள்ளையர் உழைப்பில் மட்டுமே தயாரானது என்று அதன் பாக்கெட்டுக்குள் அச்சிட்டிருந்தது. சீனத் தொழிலாளர்கள் நுழைய 1882-ல் அமெரிக்கா தடை விதித்த காலத்து விளம்பரம் அது. ஒவ்வொரு தையலும் அசல் போலவே வேண்டும் என்பவர்கள் அந்த வரியையும் கேட்பார்களா?