சலூன் தொடங்குவோருக்கு எந்தக் கத்தி? சாணைக் கத்தியா, பிளேட் போடும் கத்தியா?

சலூன் தொழிலைச் சின்னத் தொழில் என்று ஒதுக்கிவிட முடியாது. வெள்ளவத்தையில் காலி வீதியிலும் அதிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும் நடந்து பாருங்கள். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் போய்ப் பாருங்கள். சலூன் இல்லாத தெரு குறைவு. தாடியை அழகாக வரைந்து வைக்கும் பழக்கம் இளைஞர்களிடம் வந்த பிறகு இந்தத் தொழிலுக்குப் புதிய உயிர் வந்திருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, கைப்பழக்கமுள்ள ஒரு தம்பி கிடைத்தால் போதும் என்று பலர் இதில் இறங்குகிறார்கள். அப்படி இறங்குவோரும், அவர்களுக்குச் சாமான் விற்கும் நமது கடைக்காரர்களும் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி, எந்தக் கத்தி வாங்குவது என்பதுதான்.

சந்தையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, நமது வாப்பாமார் காலத்து மடக்குச் சவரக்கத்தி. முழுக்க உருக்கினால் ஆனது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், ஜேர்மனியின் சோலிங்கன் ஆகிய இரு நகரங்களும் இந்தக் கத்திக்கே பெயர் பெற்றவை. மற்றது, அதே வடிவில் பிடியும் வாயும் மட்டும் இருக்க, உள்ளே பிளேட்டைச் செருகிப் பாவித்துவிட்டு வீசும் கத்தி. சாதாரண இருபக்க பிளேட்டை உறையோடு நடுவில் ஒடித்தால் இரண்டு துண்டு. ஒரு துண்டு ஒரு வாடிக்கையாளருக்கு.

எது இலகு?

பிளேட் போடும் கத்திதான் புதியவருக்கு இலகு என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். புது பிளேட் மிகக் கூர்மையானது; கத்தியோ பாரமற்றது. பழகாத கையில் பிளேட்டின் மூலை தோலில் ஏறிவிடும். பழைய கத்திக்கு நல்ல பாரம் உண்டு. அது தன் பாரத்திலேயே வழுக்கிப் போகும். தோலில் என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரியும். இரண்டு வகையிலும் கத்தியை முகத்தோடு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் பிடித்து, மற்றக் கையால் தோலை இழுத்து, அழுத்தாமல் வழிக்கப் பழக வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

பழைய கத்தியின் கஷ்டம் முகத்தில் அல்ல, கல்லில் இருக்கிறது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் தீட்ட வேண்டும். கூர் மழுங்கியதும் சாணைக்கல்லில் ஏற்ற வேண்டும். முரட்டுக் கல்லில் தொடங்கி, மிக நுண்ணிய கல்லில் முடிக்க வேண்டும். தவறான கோணத்தில் பத்துத் தரம் தேய்த்தால் நல்ல கத்தியும் கெட்டுவிடும். போதாக்குறைக்கு, வெள்ளவத்தை போன்ற கடலோர இடத்தில் உப்புக்காற்று வேறு. துடைத்து எண்ணெய் பூசாமல் வைத்த கரி உருக்குக் கத்தி சில நாளிலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

நோய் என்னும் கணக்கு

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் விழாமல் இருப்பது அரிது. ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் அழற்சிக் கிருமி, உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கக்கூடியது. நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்படத் தொடங்கியது. ஆகவே அதற்கு முன் பிறந்தவர்களில், தாமாகத் தேடிப்போய் ஏற்றிக்கொண்டவர்கள் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நாற்காலியில் உட்காருகிறவருக்கும் இல்லை, பின்னால் நிற்கிறவருக்கும் இல்லை.

பழைய கத்தியை டெட்டோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுப்பது கிருமிநீக்கம் ஆகாது. சத்திரசிகிச்சைக் கருவிகளைப் போல 121 பாகை செல்சியஸ் நீராவி அழுத்தத்தில் வைத்து எடுக்கலாம். ஆனால் கரி உருக்கு அதைத் தாங்காமல் துருவேறும், பிடியும் கெடும். ஒரு நாளைக்கு 15 பேர் வரும் கடையில் அது நடக்கிற காரியமும் அல்ல.

ஹஜ்ஜுக்குப் போய்வந்த வாசகர்கள் மினாவைப் பார்த்திருப்பார்கள். இலட்சக்கணக்கானோர் குறுகிய நேரத்தில் தலைமுடி களையும் இடம் அது. அங்கே அனுமதிப்பத்திரம் பெற்ற நாவிதர்களே தொழில் செய்ய வேண்டும்; ஒருவருக்குப் பாவித்த பிளேட்டை இன்னொருவருக்குப் பாவிக்கக் கூடாது என்பது சவூதி அரசின் விதி. இதே கிருமிகளுக்கு அஞ்சித்தான் அந்த விதி வந்தது.

பணம் என்னும் கணக்கு

கணக்குக்காக ஒரு பிளேட் 40 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பாதித் துண்டு 20 ரூபா. நாளுக்கு 15 பேர் என்றால் 300 ரூபா. மாதத்தில் 26 நாட்களுக்கு 7,800 ரூபா. மொத்தத் தொகையைப் பார்த்தால் முதலாளிக்குக் கை நடுங்கும். பழைய கத்தியில் இந்தச் செலவு இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தீட்டவும் சுத்தம் செய்யவும் 5 நிமிடம் எடுத்தால், 15 பேருக்கு 75 நிமிடம். அந்த நேரத்தில் இன்னும் சிலருக்கு வேலை முடித்திருக்கலாம். பல கத்திகள், பல கற்கள், தோல்வார் ஆகியவற்றின் முதலையும் சேர்த்துப் பாருங்கள். பழைய கத்தி மலிவு என்ற எண்ணம் நிற்காது.

பிளேட் எல்லாம் இறக்குமதிச் சரக்கு என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியதை நாம் கண்டோம். அப்படியான நேரத்தில்தான் சோதனை வரும். ஒரு துண்டை இரண்டு பேருக்குப் பாவித்தால் என்ன என்று மனம் கேட்கும். நமது உதாரணக் கணக்கின்படி அதில் மிச்சம் ஆளுக்கு 10 ரூபா. அரைக் காசுக்குப் போன மானம் ஆயிரம் கொடுத்தாலும் வராது என்பார்கள். ஒரு வாடிக்கையாளர் அதைக் கண்ணால் கண்டுவிட்டால் அந்தத் தெருவே அறிந்துவிடும். ஆகவே விலை ஏறினால் சவரக் கூலியை 20 ரூபா கூட்டுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள். பிளேட்டில் கை வைக்காதீர்கள். பிளேட் போடும் கத்தியை வைத்திருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. ஒவ்வொருவருக்கும் பிளேட்டை மாற்றினால்தான் பாதுகாப்பு.

விற்பவர் கவனிக்க

பிளேட் வியாபாரத்தின் சரித்திரத்தில் கடைக்காரருக்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1903ஆம் ஆண்டில் விற்றது 51 சவரக் கருவிகளும் 168 பிளேட்டுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டு கருவி விற்பனை 90 ஆயிரத்தைத் தாண்டியது. கருவியை இலவசம் போலக் கொடுத்து பிளேட்டில் சம்பாதித்தார் என்று சொல்வார்கள். உண்மையில் அவர் கருவியை 5 டொலருக்கு விற்றார். அன்று அது பெரிய காசு. முதலில் தரமான பொருளைக் கொடுத்தார், பிளேட்டுக்காக வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வந்தார்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்குத் துருப்பிடிக்காத உருக்கில் செய்த, பிளேட் ஆடாமல் இறுகப் பிடிக்கும் கத்தியைக் கொடுங்கள். மலிவான தகரக் கத்தியில் பிளேட் அசைந்தால் வெட்டுவது வாடிக்கையாளரின் கன்னத்தை. திட்டு வாங்குவது நீங்கள். பிளேட்டைத் தெரிந்த இறக்குமதியாளரிடமே எடுங்கள்; பெயர் பெற்ற பெட்டிகளில் போலிச் சரக்கும் வருகிறது. பழைய கத்தியைக் கேட்டு வருபவருக்கு, அது தீட்டி முடித்த கத்தியா, இனித்தான் சாணை ஏற்ற வேண்டுமா என்பதைச் சொல்லி விற்றுவிடுங்கள். சொல்லாமல் விற்றது திரும்பி வரும்.

தொடங்குபவர் கவனிக்க

வாடிக்கையாளர் கண்ணெதிரே உறையைப் பிரித்துப் புது பிளேட்டைப் போடுங்கள். அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை இல்லை. பாவித்த துண்டுகளை மூடியில் கீறிய தகர டின்னில் போடுங்கள். குப்பைப் பையில் போட்டால் மாநகர சபைத் தொழிலாளியின் கைதான் கிழியும். நீங்களும் உங்கள் ஊழியர்களும் வைத்தியரிடம் கேட்டு, ஆறு மாதத்தில் மூன்று தடவை ஏற்றும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் தன் முகத்தைத் தானே வழிப்பவருக்குக் கதை வேறு. ஒரு கத்தி, ஒரு முகம். பொறுமை உள்ளவர் பழைய கத்தியைத் தாராளமாக வாங்கலாம். ஒழுங்காகப் பராமரித்தால் அது மகனுக்கும் போய்ச் சேரும். ஆனால் பிறர் முகத்தில் கை வைத்துப் பிழைக்க வருகிறவர் பிளேட் போடும் கத்தியிலேயே தொடங்கட்டும். கை தேர்ந்த பிறகு சாணைக் கத்தியையும் ஆசைக்குப் பழகிக்கொள்ளலாம், தன் சொந்தத் தாடையில்.