சதையியை வேலைக்கு அழைப்பது யார்?

சதையியில் சுரக்கும் நொதியங்கள் எவை என்று கேட்டால் அமிலேசு, திரிப்சின், இலிப்பேசு என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவீர்கள். ஆனால் உணவு முன்சிறுகுடலுக்கு வந்துவிட்டது என்பதைச் சதையி எவ்வாறு அறிகிறது? இதற்கு விடை தெரிந்தால் சமிபாடு, ஓமோன் ஆகிய இரு பாடங்களும் ஒன்றாக விளங்கும்.

1902ஆம் ஆண்டுப் பரிசோதனை

சதையிக்கு நரம்புகளே செய்தி கொண்டுசெல்கின்றன என்பது அக்காலக் கருத்து. ரசிய விஞ்ஞானி பவ்லோவும் அவ்வாறே கருதினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்போர் இதைச் சோதித்தனர். ஒரு நாயின் சிறுகுடற் பகுதியொன்றின் நரம்புகளை வெட்டிவிட்டு, குருதிக் கலன்களை மட்டும் விட்டு, அப்பகுதியினுள் அமிலம் செலுத்தினர். அப்போதும் சதையிச் சாறு சுரந்தது! பின்னர் குடலின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்துடன் அரைத்து, வடித்துக் குருதியில் செலுத்தினர். மீண்டும் சாறு சுரந்தது. எனவே செய்தி குருதி வழியே சென்றது என்பது உறுதியாயிற்று. அப்பதார்த்தமே செக்கிரெற்றின். ‘தூண்டுதல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘ஓமோன்’ என்னும் பெயரை ஸ்டார்லிங் 1905இல் பயன்படுத்தினார்.

நடைபெறும் ஒழுங்கு

சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் விட்ட பலாக்காய்க் கறி உண்டதாகக் கொள்வோம்.

1. உணவு அமிலத்தன்மையான இரைப்பைப்பாகாக மாறி, சிறிது சிறிதாக முன்சிறுகுடலை அடைகிறது.
2. அமிலம் பட்டதும் குடற்சுவர்க் கலங்கள் செக்கிரெற்றினைக் குருதியில் விடுகின்றன. இதனால் சதையிக் கான்களின் கலங்கள் இருகாபனேற்று நிறைந்த நீர்ப்பாயத்தைச் சுரக்கின்றன. அது அமிலத்தை நடுநிலையாக்கும். அமில ஊடகத்தில் சதையி நொதியங்கள் நன்கு தொழிற்படமாட்டா என்பதை நினைவிற் கொள்க.
3. பருப்பின் புரதமும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் சமிபாடடைந்து தோன்றும் விளைவுகள் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஓமோனை வெளிவிடச் செய்கின்றன. இது சதையியிலிருந்து நொதியங்களை வெளிவரச் செய்வதுடன், பித்தப்பையைச் சுருங்கச் செய்து பித்தத்தையும் வெளியேற்றுகிறது.
4. உணவு அப்பால் நகர்ந்ததும் தூண்டல் குறைந்து சுரப்பும் அடங்குகிறது.

பழைய நூல்களில் ‘பங்கிரியோசைமின்’ என்று கண்டால் குழம்ப வேண்டாம். அதுவும் கொலிசிஸ்டோகைனினும் ஒன்றே.

குருதி உடலெங்கும் செல்கிறதே, சதையி மட்டும் ஏன் சுரக்கிறது? மாத்தளை பஸ் நிலையத்தில் “தம்புள்ளை, தம்புள்ளை” என்று கூவும் குரல் எல்லோர் காதிலும் விழும். ஏறுபவர் தம்புள்ளைக்குச் செல்பவரே. அதுபோல, உரிய வாங்கிகள் உள்ள கலங்களே ஓமோனுக்குத் துலங்கும். எனினும் நரம்புகளுக்குப் பங்கில்லை என்று எழுதிவிடாதீர்கள். உணவின் மணமும் சுவையும் நரம்பு வழியே சுரப்பைத் தொடக்குகின்றன; கொலிசிஸ்டோகைனினும் மனிதரில் பெருமளவு நரம்பின் துணையுடனேயே செயற்படுகிறது.

சதையி தன்னையே ஏன் சமிபாடடையச் செய்வதில்லை?

திரிப்சின், திரிப்சினோசன் என்னும் தொழிற்படா வடிவிலேயே சுரக்கப்படுகிறது. குடலை அடைந்த பின்னரே அது தொழிற்படத் தொடங்கும். பித்தக்கல், மதுபானம் போன்றவற்றால் நொதியங்கள் சதையியினுள்ளேயே தொழிற்படத் தொடங்கினால் சதையி அழற்சி ஏற்படும். கடுமையானால் இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

புள்ளி இழக்கும் இடங்கள்

• ஓமோன் உணவைச் சமிபாடடையச் செய்வதில்லை; சுரப்பைத் தூண்டுகிறது.
• ஓமோன் செல்வது குருதியில்; நொதியம் செல்வது கானில்.
• இன்சுலினும் சதையியில்தான் சுரக்கிறது. ஆனால் அது குருதியிற் சேரும், குடலுக்குச் செல்லாது.

பயிற்சி வினா: முன்சிறுகுடலுக்குச் செல்லும் நரம்புகள் வெட்டப்பட்ட பின்னரும் அமிலம் பட்டதும் சதையிச் சாறு சுரப்பது ஏன்?

விடை: அமிலம் குடற்சுவரைத் தூண்ட, செக்கிரெற்றின் சுரக்கப்பட்டுக் குருதி வழியே சதையியை அடைந்து அதனைத் தூண்டுவதால்.

விடையைப் பார்க்காமல் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.