ஸ்கோர் 12 வந்துச்சு, அப்போ எனக்கு டிப்ரெஷனா?

ஆன்லைன்ல பி.எச்.க்யூ-9 டெஸ்ட் எடுத்துட்டு, "12 வந்திருக்கு, எனக்கு டிப்ரெஷனா?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைப் பத்திதான்.

முதல்ல, இது டைம்பாஸ் க்விஸ் கிடையாது. கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 3 வரை மார்க், மொத்தம் 27. 2001-ல அமெரிக்காவுல வெளியான ஆய்வுல, டெஸ்ட் எழுதினவங்கள்ல 580 பேரை மனநல நிபுணர் தனியா பேட்டி எடுத்து, ரெண்டு முடிவும் ஒத்துப்போகுதான்னு பார்த்தாங்க. 10-ஐ கட்-ஆஃபா வெச்சப்போ, பெரிய அளவுல டிப்ரெஷன் இருந்தவங்கள்ல 88 சதவீதம் பேரை டெஸ்ட் பிடிச்சுது. இல்லாதவங்கள்ல 88 சதவீதம் பேரை 'இல்லை'ன்னு சரியா சொல்லுச்சு.

அப்போ 12 வந்தா 88 சதவீதம் டிப்ரெஷன்தானேன்னு தோணும். இல்லைங்க.

ஒரு ஐ.டி. கம்பெனியில 1000 பேர் இதை எடுக்கிறாங்க, அதுல நிஜமாவே டிப்ரெஷன் இருக்கிறது 50 பேருக்குன்னு வெச்சுக்கலாம். 44 பேரை டெஸ்ட் பிடிக்கும். மிச்சம் 950 பேர்ல 12 சதவீதம், அதாவது 114 பேருக்கும் 'இருக்கு'ன்னு காட்டும். ஆக மொத்தம் 158 பேர். அதுல உண்மை 44 பேர்தான். கிட்டத்தட்ட 28 சதவீதம். அதே டெஸ்டை, பாதிப் பேருக்கு டிப்ரெஷன் இருக்கிற ஒரு கிளினிக்ல வெச்சா அது 88 சதவீதமாயிடும். கோட் மாறல, இன்புட்தான் மாறியிருக்கு.

அதனாலதான் இதை ஸ்க்ரீனிங்னு சொல்றாங்க. தூக்கம், அசதி, பசி பத்தியும் கேள்வி இருக்கு. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கும் தைராய்டு பிரச்சினை இருக்கிறவருக்கும் அங்கேயே மார்க் ஏறிடும். இதை வெச்சு ஒருத்தரை வேலைக்கு எடுக்கலாமா வேண்டாமான்னு ஹெச்.ஆர். முடிவு பண்ணா, என்னைப் பொறுத்தவரை அது அநியாயம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த 50 பேர்ல 6 பேரை டெஸ்ட் தவற விட்டுச்சு, கவனிச்சீங்களா? ஸ்கோர் 7-தான், ஆனா காலையில எழுந்திருக்கவே முடியலன்னா டாக்டரைப் பாருங்க. 12 வந்தவங்களும் பாருங்க, பேசித்தான் தெரிஞ்சுக்க முடியும்.

ஒன்பதாவது கேள்வி மட்டும் தனி. செத்துப்போயிடலாம், என்னை நானே காயப்படுத்திக்கலாம்னு நினைப்பு வருதான்னு கேட்கும். அதுல 0-க்கு மேல போட்டிருந்தா, நான் சொன்ன கணக்கு எதுவும் வேண்டாம். மொத்த ஸ்கோர் எவ்வளவா இருந்தாலும் இன்னைக்கே யார்கிட்டயாவது பேசுங்க. டெலி மானஸ், 14416. 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.