மூக்கு உணர்த்தும் சேதி

ஹைதராபாத் கோட்டி பகுதியிலுள்ள அரசு காது, மூக்கு, தொண்டை மருத்துவமனை 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் கரும்பூஞ்சை நோய்க்கான முதன்மைச் சிகிச்சை மையமாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்களில் மூக்கடைப்பு என்றாலே நாம் அஞ்சினோம். அச்சம் தணிந்ததும் பழைய அலட்சியத்துக்கே திரும்பிவிட்டோம். இரண்டுமே வேண்டியதில்லை. மூக்கினுள் தோன்றும் வளர்ச்சிகளில் பல புற்றுநோய் அல்லாதவை. உள்ளே திசு எவ்வாறு மாறுகிறதோ அதற்கேற்பவே அறிகுறிகளும் அமைகின்றன.

நீண்டகால அழற்சியால் மூக்கின் சவ்வு நீர்கோத்துத் திராட்சைக் கொத்துப்போல் தொங்குவது 'பாலிப்'. இது உண்மையான கட்டியன்று. பெரும்பாலும் இரு நாசிகளையும் அடைக்கும். மேற்பகுதியிலுள்ள நுகர்ச்சி நரம்புகளைக் காற்று எட்டாததால், தாளிப்பின் மணம்கூடத் தெரியாமற்போகும். இதில் இரத்தக்குழாய்கள் குறைவு. ஆகவே குருதி வடிவது அரிது.

'இன்வர்டட் பாப்பிலோமா' வேறு வகை. மேற்சவ்வு வெளிநோக்கி வளராமல் அடித்திசுவுக்குள் மடிந்து இறங்கும். பெரும்பாலும் ஒரே பக்கம் அடைப்பு நீடிப்பதே இதன் அடையாளம். வேர் எஞ்சினால் மீண்டும் வளரும். சிலருக்குப் புற்றாகவும் மாறக்கூடும். எனவே, அது பற்றியிருக்கும் எலும்புப் பகுதியையும் மருத்துவர்கள் சுரண்டி நீக்குகின்றனர்.

வளரிளம் பருவத்து ஆண்பிள்ளைகளுக்கே பெரிதும் வரும் 'ஆஞ்சியோஃபைப்ரோமா', மூக்கின் பின்புறத்தில் தோன்றுவது. இதன் இரத்தக்குழாய்ச் சுவர்களில் தசைப்படலம் குறைவு; அறுபட்டால் சுருங்கி அடைபட இயலாது. வலியின்றித் திடீரெனக் குருதி கொட்டுவது இதனாலேயே. இக்கட்டி என ஐயம் எழுந்தால், திசுவைக் கிள்ளிப் பார்க்காமல் ஸ்கேன் பரிசோதனையே முதலில் செய்யப்படுகிறது. அறுவைக்கு முன் கட்டிக்குச் செல்லும் குழாய்களை அடைத்துவிடுவதும் வழக்கம்.

தமிழகத்திலும் இலங்கையிலும் குளங்களில் நீராடுவோரிடம் காணப்படும் 'ரைனோஸ்போரிடியோசிஸ்' ஒரு தொற்று, கட்டிபோல் தோன்றும். சிவந்த பரப்பில் காணும் வெண்புள்ளிகள் நுண்ணுயிரின் வித்துப் பைகளே. தொட்டாலே குருதி கசியும்.

மூக்கில் குருதி வடிந்தால் அமர்ந்து, தலையைச் சற்று முன்சாய்த்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடங்கள் விடாது அழுத்திப் பிடிக்க வேண்டும். குருதி நிற்காவிடில் உடனே மருத்துவமனைக்குச் செல்க. ஒரே பக்க அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தாலோ, குருதிக் கசிவு மீண்டும் மீண்டும் நேர்ந்தாலோ, சொட்டு மருந்தோடு நாளைக் கடத்தலாகாது. எண்டோஸ்கோப் கருவியால் சில நிமிடங்களில் உள்ளே பார்த்துவிடலாம். காலத்தே கண்டறிந்தால் இவற்றுக்குத் தக்க சிகிச்சை உண்டு என்பதை நினைவிற் கொள்வோம்.